ஐந்தாம் மாடிக் கயிறு

எங்கள் தெருவில் பால்கனிக்கு ஒரு கயிறு.
மேல் நுனியில் மணி, கீழ் நுனியில் கிளிப்பு.
ஐந்து மாடி ஏற யாருக்கு முழங்கால் இருக்கிறது?
செய்தித்தாள், மின்கட்டண ரசீது,
மொஹிங்காப் பொட்டலம், மறந்துபோன சாவி
எல்லாம் ஆகாய வழிதான் ரங்கூனில்.

முப்பத்தேழாம் தெரு நடைபாதையில்
பழைய புத்தகம் விற்கும் கோ ஸாலினுக்குத்
தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது.
"உங்கள் எழுத்தும் எங்கள் எழுத்துதான்,
முழங்கை மட்டும் மடங்கியிருக்கிறது" என்பார்.
உள்ளங்கையில் எடை பார்த்து விலை சொல்வார்
மீன் விற்கிறவரைப் போல.

வளைந்த எழுத்தாக எது வந்தாலும் எனக்கென்று ஒதுக்கி
வீட்டுக்குப் போகும் வழியில்
என் கயிற்றில் மாட்டி
இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுப் போய்விடுவார்.
காசு பிறகு.
எப்போதும் பிறகு.

அப்படி ஏறி வந்தவற்றில்
ஒரு சமையல் புத்தகம்; முன்பு வைத்திருந்தவர்
உப்பு என்ற சொல்லையெல்லாம் அடித்திருந்தார்,
இரத்தக் கொதிப்பாக இருக்கும்.
ஒரு கப்பல் கால அட்டவணை;
வந்துசேரும் நேரங்களை மட்டும்
கரையான் தின்றிருந்தது.
பிறகு, மரங்களைப் பற்றி அட்டையில்லாத ஒரு பாடநூல்.

பகலில் பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறேன்.
உளுந்து இத்தனை டன், துவரை இத்தனை டன்.
டாலர் ஏறினால் முதலாளி எழுந்து நிற்பார்,
இறங்கினால் உட்காருவார்.
எண்கள் எறும்பாகக் கண்ணுக்குள் ஊர்ந்து
பஸ் ஏறி வீடுவரை வரும்.

ஏழு மணிக்கு மின்சாரம் போகும்.
நானும் திட்டுவேன்,
பாதி அரைபட்டு நிற்கும் மாவின் சார்பில்.
ஆனால் அதில் ஒரு பத்து நிமிடம் உண்டு:
விசிறிகள் நின்றுவிட்டு
ஜெனரேட்டர்கள் இருமத் தொடங்காத பத்து நிமிடம்.
பெயின்ட் டப்பாக்களில் நிற்கிறது என் தோட்டம்,
ஒரு புளிச்சை, இரண்டு மிளகாய்,
விதைக்காமல் வந்து சேர்ந்த ஒரு தக்காளி.
தண்ணீர் ஊற்றினால் குடிக்கும் சத்தம் கேட்கும்,
பொய்யில்லை.
மண் முதலில் 'ஸ்' என்னும்.
பிறகு ஒன்றும் சொல்லாது.

அப்படி ஓர் இரவில்தான், மெழுகுவர்த்தியில்,
மரப் புத்தகத்தில்
'வேங்கை' என்று ஒரு பக்கம்.
பூவின் படத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால்
தெருமுனையில் படாவ் மரம்.
ஆண்டுக்கொருமுறை
முதல் மழைக்கு மறுநாள் மட்டும் மஞ்சளாகிவிட்டு
ஒன்றும் நடக்காததுபோல் நிற்கிற மரம்.
இலை கொஞ்சம் வேறு. பூ அச்சு அசல்.
ஒன்றுவிட்ட தம்பியாக இருக்க வேண்டும்.
முப்பது ஆண்டுகள்
உறவென்று தெரியாமல்
ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில்
உட்கார்ந்து வந்திருக்கிறோம்.

இந்தச் சித்திரையில் கயிற்றில் வந்த புத்தகம்
திறந்து பார்த்தால் தெலுங்கு.
திருப்பிக் கொடுக்கப் போனேன்,
தண்ணீர்த் திருவிழாவுக்குக் கடையை மூடிவிட்டு
கோ ஸாலின் ஊருக்குப் போயிருந்தார்.
அன்றிரவு மழை.
விடிந்தபோது தார்ச்சாலை மஞ்சள்,
நனைந்த நாய் ஒன்றின் முதுகும் மஞ்சள்.
ஒரு கொத்து பொறுக்கிவந்து
எனக்குப் படிக்கத் தெரியாத அந்தப் புத்தகத்தின்
நடுவில் வைத்து மூடினேன்.
எந்த இடமோ.
கல்யாணமா, சாவா, கடன் கேட்டு வந்தவனா,
பூ ஒரு வரியை மறைத்துக்கொண்டிருக்கிறது.
அவர் வந்த பிறகும் திருப்பிக் கொடுக்கவில்லை.

இன்று மாலை மணி அடித்தது.
எட்டிப் பார்த்தேன்,
கீழே ஆளில்லை, காற்று.
இருந்தாலும் இழுத்தேன்,
கைமேல் கையாக, ஐந்து மாடி உயரத்தையும்.
கிளிப்பின் பல்லில்
ஒரு சொட்டு மழை.

தக்காளிமேல் உதறினேன்.